திருவண்ணாமலை வட்டாரத்துப் பாறையும் மண்ணும் நீரும்

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் சென்ற கோடையில் உழவர் கூட்டம் ஒன்று நடந்தது. நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிப் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஓர் உழவர் என்னை நிறுத்தினார்.

"சார், எனக்கும் என் பங்காளிக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்புதான். அவன் கிணறு நாற்பது அடி. சித்திரையிலும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. நான் மூன்று முறை போர் போட்டேன். கடைசியாகப் போட்டது அறுநூறு அடி. புழுதிதான் பறந்தது. கடன் மட்டும் நின்றுவிட்டது. இதற்கு உங்கள் படிப்பு என்ன சொல்லுகிறது?"

கூட்டத்தில் இருந்தபடியே சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அவருடைய கொல்லைக்கே போனோம். இரண்டு நிலங்களுக்கும் நடுவே, வரப்பை ஒட்டி, கன்னங்கரேலென்ற உருண்டைக் கற்கள் ஒரே வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசை பக்கத்து நிலங்களையும் கடந்து தொலைவுக்குச் சென்றது. "இந்தக் கல்லை யார் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டேன். "யாரும் போடவில்லை, எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறது, கடப்பாரை இறங்காத கல்" என்றார். அவருடைய கேள்விக்கு விடையில் பாதி அந்தக் கல் வரிசையில் இருந்தது. மீதிப் பாதியைச் சொல்ல நம் வட்டாரத்துப் பாறை, மண், ஏரி, மலை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

நம் காலடியில் உள்ள பாறை

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி மிகப் பழைமையான கெட்டிப் பாறையின் மேல் அமைந்துள்ளது. இப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. இமயமலை எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதை நினைத்தால் நம் பாறையின் வயது விளங்கும். அவற்றின் மேலிருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை மழையிலும் வெயிலிலும் தேய்ந்து கரைந்து போன பின்னரே இவை வெளியே தலைகாட்டின. இன்று நாம் காணும் மலைகள் யாவும் தேயாமல் மிஞ்சிய மிச்சங்கள்.

இங்கே இரண்டு வகைப் பாறைகள் முக்கியமானவை. ஒன்று, வெளிறிய நிறத்தில் வரிவரியாகக் காணப்படும் நைஸ் பாறை. சமவெளியில் கிணறு வெட்டும்போது பெரும்பாலும் எதிர்ப்படுவது இதுதான். மற்றொன்று சார்னோக்கைட். உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போன்ற கருநீல மினுமினுப்பு இருக்கும். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறையிலிருந்து கொண்டுபோகப்பட்டது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நம் பல்லாவரத்துக் கல்லுக்கு வங்காளத்துக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது வேடிக்கைதான்.

நீலகிரியும் இதே சார்னோக்கைட் பாறைதான். ஆனால் அங்கே மழையும் ஈரமும் அதிகம். பாறை ஆழமாக மக்கி, பல அடிக்குக் கனத்த மண் உண்டாகியுள்ளது. நம் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் தென்மேற்குப் பருவத்தில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவத்தில் ஏறக்குறையப் பாதி எனப் பிரிந்து வருகிறது. இடையிடையே நீண்ட வறட்சி. ஆகவே பாறை மெல்லத்தான் மக்குகிறது. மக்கியதும் சரிவில் நிற்காமல் கழுவப்பட்டுப் போகிறது. பாறை ஒன்றே ஆனாலும் மழை வேறானால் நிலமும் வேறாகிவிடும்.

இனி அந்தக் கருங்கல் வரிசைக்கு வருவோம். பழைய பாறையில் ஏற்பட்ட நீண்ட வெடிப்புகளில் பிற்காலத்தில் ஆழத்திலிருந்து உருகிய குழம்பு ஏறி உறைந்துவிட்டது. டோலரைட் எனப்படும் இந்தக் கரும்பாறை, நிலத்துக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு சுவர் போன்றது. சில அடி முதல் பல பத்து அடி வரை அகலமும், சில இடங்களில் பல கிலோமீட்டர் நீளமும் இருக்கும். திருவண்ணாமலை, தருமபுரி பகுதிகளில் இத்தகைய சுவர்கள் ஏராளம். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. அதன் குறுக்கே இப்படி ஒரு சுவர் நின்றால் மேட்டுப் பக்கம் நீர் தேங்கும். பள்ளப் பக்கம் பெரும்பாலும் வறண்டிருக்கும். பங்காளியின் கிணறு மேட்டுப் பக்கத்தில் இருந்தது. நம் உழவர் மூன்று போர்களையும் சுவருக்குக் கீழ்ப்பக்கத்தில் போட்டிருந்தார்.

பாறை மண்ணாகும் விதம்

கிணறு வெட்டியவர்கள் இதை நேரில் பார்த்திருப்பீர்கள். மேலே ஓர் அடி இரண்டடி செம்மண். அதற்குக் கீழே சரளையும் மொரம்பும். அதற்கும் கீழே கையால் உதிர்க்கக்கூடிய சுக்காம்பாறை. பிறகு வெடி வைத்தால் மட்டுமே உடையும் கெட்டிப் பாறை. இந்த நான்கும் வேறு வேறு பொருள்கள் அல்ல. ஒரே பாறை மேலிருந்து கீழாக மக்கிக்கொண்டு போகும் நான்கு நிலைகள்.

பாறையில் உள்ள வெங்கச்சாங்கல் மக்குவதில்லை, மணலாக நின்றுவிடுகிறது. ஃபெல்ஸ்பார் என்ற வெளிறிய தாது மழைநீரில் சிதைந்து களியாகிறது; அதிலிருந்து சாம்பல் சத்தும் கொஞ்சம் கிடைக்கிறது. காக்காப்பொன்னும் மற்ற கரிய தாதுக்களும் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. மண்ணின் சிவப்பு நிறம் துருவின் நிறமே ஒழிய வளத்தின் அடையாளம் அன்று. செம்மண்ணில் தழைச்சத்தும் கரிமப் பொருளும் பொதுவாகக் குறைவு. மணிச்சத்தை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தும் கழுவப்பட்டு இறங்கிவிடும்.

களி மிக நுண்ணியது. மழைநீரோடு எளிதில் ஓடிவிடும். மணலும் சரளையும் கனமானவை. இருந்த இடத்திலேயே தங்கும். ஆகவே மேட்டில் சரளை, சரிவில் மணல் கலந்த செவ்வல், பள்ளத்தில் களி என்று ஒரே ஊருக்குள் மண் வரிசைப்பட்டு நிற்கிறது. இதை நம் முன்னோர் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் மேட்டைக் கொல்லை என்றும் பள்ளத்தைக் கழனி என்றும் பெயரிட்டு, இரண்டிலும் வேறு வேறு வேளாண்மை செய்தார்கள். சரளை மேட்டில் ஆடு மாடு மேய்ந்தன. கொல்லையில் கம்பு, கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை விளைந்தன. கழனியில் நெல் விளைந்தது. பள்ளத்தின் கடைக்கோடியில் நீர் தேங்கி ஆவியாகும் இடங்களில் உப்பு தங்கிக் களர் தட்டியது. பாறையிலிருந்து கரைந்து வந்த சோடியமே அதற்குக் காரணம். களர் தெய்வக் குற்றம் அன்று. வடிகால் இல்லாத குற்றம்.

இந்த வரிசை மிகவும் பழையது. செங்கத்தை ஆண்ட நன்னன் என்ற தலைவனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம் இந்த வட்டாரத்து நிலத்தையே வழிநெடுகக் காட்டுகிறது. மலைச்சரிவில் தினையும் அவரையும் எள்ளும் வரகும், தாழ்வில் சேயாற்றங்கரை வயல்கள். அந்தச் சேயாறுதான் இன்றைய செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து வருவது. செங்கம் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரை கவர்ந்த சண்டையிலும் மீட்ட சண்டையிலும் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் அவற்றில் நிறைய. உயிரைக் கொடுத்துச் சண்டையிடும் அளவுக்கு மாடு இங்கே பெருஞ்செல்வமாக இருந்திருக்கிறது. மெல்லிய மண்ணும் புல்லும் உள்ள கெட்டிப் பாறை நாட்டில் உழவுக்கு இணையாக மேய்ச்சல் வளர்ந்தது இயல்பே. வேர்க்கடலை இவ்வளவுக்கும் பிந்தி வந்த பயிர். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, நம் மணற்பாங்கான செவ்வலில் காய் எளிதாக இறங்குவதால் இங்கேயே வேரூன்றிவிட்டது.

கொல்லையில் கல் பொறுக்குவதும் ஒரு பழைய வேலைதான். ஒவ்வோர் உழவிலும் மேலே வரும் கற்களைப் பெண்கள் பொறுக்கி வரப்பில் அடுக்கினார்கள். நாளடைவில் அவை கல்வரப்புகள் ஆயின. நீரை வழியவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும் இந்த வரப்பு சரிவு நிலத்துக்கு மிகவும் ஏற்றது. டிராக்டர் திரும்ப இடமில்லை என்று சில இடங்களில் இவற்றைக் கலைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நிலங்களில் மூன்று நான்கு மழைக்காலத்துக்குள் மொரம்பு வெளியே தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏரிகள் ஏன் இங்கே இத்தனை?

நல்ல மழை பெய்த ஆண்டில் கார்த்திகை மாதத்தில் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரிகள் பளபளக்கும். இந்த ஒரு மாவட்டத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. காவிரிக் கரையில் இப்படிக் கிடையாது. காரணம் பாறைதான். ஆற்று வண்டல் நாட்டில் மழைநீர் பல நூறு அடி ஆழத்துக்கு இறங்கித் தங்கும். இங்கே மெல்லிய மண்ணுக்குக் கீழே பாறை தடுக்கிறது. மூன்று நாள் அடைமழை பெய்தால் மண் நிறைந்துவிடும்; மிச்சம் ஓடைகளில் பாய்ந்து ஒரே வாரத்தில் தென்பெண்ணைக்கோ செய்யாற்றுக்கோ போய்விடும். நிலத்துக்குள் வைக்க இடமில்லாத நீரை நிலத்தின் மேல் வைக்க வேண்டியதாயிற்று.

அதற்கும் பாறையே உதவியது. சமவெளி கிழக்கு நோக்கி மெதுவாகச் சரிகிறது. இரண்டு பாறை மேடுகளுக்கு இடையே பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டால் போதும். மூன்று பக்கம் இயற்கையாகவே உயர்ந்திருக்கும். கரையின் முனைகளில் கெட்டிப் பாறை உள்ள இடமாகப் பார்த்துக் கலங்கல் கட்டினார்கள். எவ்வளவு வெள்ளம் வழிந்தாலும் அந்த இடம் அறுக்காது. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அண்ணாமலையின் தென்சரிவில் இறங்கும் நீர் அடிவாரத்துச் சமுத்திரம் ஏரிக்கு வருவது போல ஒவ்வொரு குன்றுக்கும் ஓர் ஏரி, ஒவ்வோர் ஏரிக்கும் ஓர் ஆயக்கட்டு.

ஏரி கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பது ஆண்டுதோறும் வேலை. மேட்டில் அரித்த களி முழுதும் ஏரியில்தான் வந்து படியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதல் பராந்தக சோழன் காலத்திலேயே ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்ததைச் சொல்கிறது. பிற்காலத்திலும் ஊரார் கோடையில் கூடி வரத்துக்கால் வெட்டுவதும் தூர் எடுப்பதும் குடிமராமத்து என வழங்கியது. எடுத்த வண்டலை வண்டி வண்டியாகக் கொல்லைக்கு அடித்தார்கள். மேட்டிலிருந்து ஓடிப்போன களியையும் சத்தையும் மேட்டுக்கே திருப்பிக் கொண்டுபோன வேலை அது. மழை ஆண்டு முழுதும் கீழே இறக்கியதை மனிதனும் மாடும் கோடையில் மேலே ஏற்றினார்கள். இந்தச் சுழற்சி நின்றதால் இரண்டு இடத்திலும் நட்டம்: ஏரி மேடாகிறது, கொல்லை சரளையாகிறது.

கிணற்றுக் கணக்கு

ஏரி கவனிப்பாரற்றுப் போனதற்குக் கிணறும் ஒரு காரணம். கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்த காலத்தில் ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்கு மாட்டின் வலு ஓர் எல்லையாக இருந்தது. மின்மோட்டார் அந்த எல்லையை எடுத்துவிட்டது. அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்து ஊர்களில் 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் நமது வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து மீண்டும் அங்கே ஆய்வு செய்தது. விளைச்சலும் வருமானமும் உயர்ந்ததை இரண்டாவது ஆய்வு காட்டியது உண்மை. அந்த உயர்வு கிணற்று நீரை நம்பியே இருந்தது என்பதும் உண்மை.

கெட்டிப் பாறையில் எவ்வளவு நீர் இருக்கும்? கிணற்றில் நீரைக் காணும்போது அடியில் ஒரு கடல் இருப்பதாகத் தோன்றும். நீர் இருப்பது மக்கிய சுக்காம்பாறையின் நுண்துளைகளிலும் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே. சுக்காம்பாறையில் நூறு பங்கு கன அளவுக்கு நாம் இறைத்து எடுக்கக்கூடிய நீர் சுமார் 2 பங்குதான் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள கெட்டிப் பாறையில் அதைவிட மிகக் குறைவு.

இதை ஏக்கர் கணக்கில் பாருங்கள். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4000 சதுர மீட்டர். அந்த ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் நமக்குக் கிடைப்பது 80 கன மீட்டர், அதாவது 80 ஆயிரம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1200 மி.மீ. நீர் வேண்டுமென்றால் அது 48 லட்சம் லிட்டர். அந்த ஓர் ஏக்கரின் அடியிலிருந்தே அதை எடுப்பதானால் நீர்மட்டம் 60 மீட்டர் இறங்க வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குச் சுக்காம்பாறையே கிடையாது. 500 மி.மீ. நீரில் விளையும் நிலக்கடலைக்கு 25 மீட்டர்.

வரவுப் பக்கம் பார்ப்போம். பெய்த மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டால் ஓர் ஏக்கருக்கு ஆண்டில் 4 லட்சம் லிட்டர் சேரும். ஆகவே கிணற்று நீரை மட்டும் கொண்டு ஓர் ஏக்கர் நெல் நட்டால் 12 ஏக்கரில் பெய்த மழையின் சேமிப்பைச் செலவழிக்கிறோம். பயிரின் மேலேயே பெய்யும் மழையும், வயலில் பாய்ச்சியதில் திரும்ப இறங்கும் நீரும் இந்தக் கணக்கை ஓரளவு குறைக்கும். ஆனால் தலைகீழாக மாற்றாது. ஊரில் எல்லோரும் கிணற்றில் நவரையும் சொர்ணவாரியும் நட்டால் அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்கு எங்கே போவது?

ஆழ்குழாய் பற்றியும் ஒரு கணக்கு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் உள்ள திறந்தவெளிக் கிணற்றில் ஒரு மீட்டர் நீர் நின்றால் அது ஒரு லட்சம் லிட்டர். ஆறரை அங்குலக் குழாயில் நூறு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் ஏறத்தாழ 2100 லிட்டர்தான். திறந்த கிணறு இரவெல்லாம் ஊறிய ஊற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி. போர் சேர்த்து வைப்பதில்லை. வெடிப்பு இருந்தால் உறிஞ்சும், இல்லாவிட்டால் வெறும் துளை. ஆழம் கூடக்கூட மேலே உள்ள பாறையின் கனத்தால் வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகும். முந்நூறு அடியில் கிடைக்காதது அறுநூறில் கிடைத்துவிடும் என்பது நம் பாறையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சூதாட்டமே. சிலருக்குக் கிடைத்திருக்கலாம். அந்தச் சிலரைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். கிடைக்காதவர் வெளியே சொல்வதில்லை.

மலையில் புல்லும் தீயும்

நீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மலையையும் பார்க்க வேண்டும். அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். வெயிலில் சூடேறி இரவில் குளிரும் பாறை வெங்காயத்தோல் உரிவது போல அடுக்கடுக்காக உரிகிறது. அதனால்தான் சரிவெங்கும் உருண்டைப் பாறைகள். இவற்றுக்கு இடையே உள்ள மண்ணை வேர்கள்தாம் பிடித்து நிறுத்துகின்றன. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெங்கல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்ததை எல்லோரும் அறிவோம். அதுபோன்ற பெருமழையில் மரம் இருந்தாலும் சரிவு நேரலாம். மரமில்லாத சரிவில் ஆபத்து இன்னும் அதிகம்.

மலைகள் மொட்டையாக இருப்பதற்குப் பாறையை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. நம் குன்றுகளைப் போலவே உச்சியில் கல் அடுக்குகள், சுற்றிலும் மரமில்லாத புல்வெளி. ஒரு காலத்தில் அங்கே பெரும்பகுதி காடாக இருந்தது. சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் போட்ட கல்வரப்புகள் இன்னமும் அங்கே தெரிகின்றன. காடு அழிந்தபின் ஆடு மாடு மேய்ப்பதும், இளம்புல் வேண்டிப் பழைய புதரைக் கொளுத்துவதும் மரம் திரும்ப வராமல் செய்தன. ஆனால் அங்கே குளிரும் ஓயாத மழையும் உள்ளதால் மேட்டில் மக்காத தழைகள் சேர்ந்து கனத்த மெத்தையாகி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நம் வெயிலில் அத்தகைய மெத்தை உண்டாவதில்லை. இங்கே புல்லை எரித்தால் மிஞ்சுவது வெறும் சரளை.

மாசி, பங்குனியில் நம் குன்றுகளில் தீ ஏறுவது வழக்கமாகிவிட்டது. இளம்புல் தளிர்க்கும் என்று சிலர் வைக்கிறார்கள்; சில தீ கவனக்குறைவால் வருகிறது. எரிந்த இடத்தில் முதலில் வருவது மீண்டும் எரியக்கூடிய உயரமான புல்தான். மரக்கன்று இரண்டு மூன்று ஆண்டு தப்பினால் அல்லவா தலைதூக்கும்? எரிந்த சரிவில் ஆடி மழை விழுந்தால் சாம்பலும் மணலும் நேரே வரத்துக்காலுக்கு வந்து அடைக்கும். கொளுத்தியவருக்கு ஒரு மாதப் புல். கீழே உள்ள ஆயக்கட்டுக்குப் பல ஆண்டு மேடு. அண்ணாமலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் கன்று நட்டும் தீத்தடுப்புப் பாதை வெட்டியும் உழைத்ததால் பல சரிவுகள் இன்று பசுமை பெற்றுள்ளன. மேய்ச்சலை அறவே நிறுத்தச் சொல்வது ஏழை உழவருக்கு நடவாத காரியம். கன்று நட்ட பகுதியைச் சில ஆண்டுகள் ஒதுக்கிவிட்டு மற்றப் பகுதியில் மாற்றி மாற்றி மேய்ப்பது நடக்கக்கூடியதே.

அந்த உழவருக்குச் சொன்னது

நான்காவது போர் போட வேண்டாம் என்பதே முதலில் சொன்னது. கருங்கல் சுவருக்கு மேட்டுப் பக்கமாக அவருக்கு முக்கால் ஏக்கர் தரிசு இருந்தது. எப்போதாவது கிணறு வெட்டுவதானால் நிலத்தடி நீர் ஆய்வு செய்த பிறகு அந்தப் பக்கத்தில் திறந்தவெளிக் கிணறாக வெட்டலாம் என்றேன். பங்காளியின் ஊற்று அதனால் குறையக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒரே கிணற்றை ஆழப்படுத்தி முறை வைத்து இறைப்பது இரு குடும்பத்துக்கும் செலவு குறைவு. அதற்கு அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அது பாறையைவிடக் கெட்டியான விஷயம் போலும்.

கொல்லைக்கு ஏரி வண்டல் அடிக்கச் சொன்னேன். ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் வகையில் அரசு 2024ல் நடைமுறையை எளிதாக்கியுள்ளது. மணற்பாங்கான செவ்வலுக்கு வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். களர் ஏறிய ஏரியின் வண்டலானால் மண் பரிசோதனை செய்த பின்பே போட வேண்டும். உழுகால் படாத ஆழத்தில் இறுகிய தட்டு இருந்ததால் உளிக்கலப்பையைக் கொண்டு அரை மீட்டர் இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் இட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். மழைநீர் ஓடாமல் இறங்க இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. ஆட்டுக்கிடை போடுபவர்கள் கிடைத்தால் தொழு உரச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும்.

நிலக்கடலையில் பொக்குக் காய் அதிகம் என்று முன்பே குறைபட்டிருந்தார். நம் செவ்வலில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக அல்லாமல் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறது. எனவே ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாளில் ஈரம் இருக்கும்போது இட்டு மண் அணைக்க வேண்டும். இவர் அதை விதைப்புக்கு முன்பே மொத்தமாக வீசிவிட்டுக் களையெடுப்பில் மண் அணைக்காமல் விட்டிருந்தார்.

சரளை மேட்டுக்குச் சாமையே பொருத்தம். ஜவ்வாது மலையில் மலையாளி மக்கள் மெல்லிய மண்ணில் விடாமல் விளைத்துவரும் பயிர் அது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் உள்ள நமது பல்கலைக்கழகச் சிறுதானிய மகத்துவ மையம் 2019ல் ஏ.டி.எல். 1 என்ற சாமை இரகத்தை வெளியிட்டது. சுமார் 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். ஆடிப்பட்டத்தில் சாமையை விதைத்து இடையிடையே துவரை வரிசை விட்டால், சாமை அறுத்த பிறகும் துவரை நின்று பின்மழையைப் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டின் வேரும் வேறு வேறு ஆழத்தில் நீரைத் தேடும். பாட்டன் காலத்தில் செய்த வேலைதான் இது என்று அவரே சொன்னார்.

கடைசியாக ஊர் ஏரிக்குப் போனோம். கரை நன்றாகவே இருந்தது. மதகும் இருந்தது. வரத்துக்காலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் வேலிக்கருவை மூடியிருந்தது, ஓரிடத்தில் வண்டிப்பாதைக்காகச் சரளை கொட்டி நிரவியிருந்தார்கள். குழாய் எதுவும் புதைக்கவில்லை. ஒரு மில்லியன் கன அடி நீர் அந்த ஏரிக்கு வந்தால் ஆறு ஏக்கர் நெல்லுக்குப் போதும். ஆயக்கட்டுக் கிணறுகளுக்கும் ஊற்றுக் கிடைக்கும். அவர் போட்ட மூன்றாவது போரின் செலவில் அந்தச் சரளையை அகற்றிக் குழாய் புதைத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கை அவரே போட்டுவிட்டார். ஆடி பிறப்பதற்குள் கருவையை வெட்டுவதற்கு ஊரில் ஆள் சேர்ப்பதாகச் சொன்னார். பங்காளியையும் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.